வேலையை விட்டுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரர் ஆகலாமா?

வெளிச்சம்தேடி:
வணக்கம். 4 வருடமாக அலுவலக வேலையோடு சனி, ஞாயிறுகளில் திருமணம், பிறந்தநாள் என்று படம் எடுத்து வருகிறேன். போன வருடம் மட்டும் 22 நிகழ்ச்சிகள். வந்த பணத்தைக் கூட்டினால் சம்பளத்தில் பாதிக்கு மேல் நிற்கிறது. வேலையை விட்டால் வாரம் முழுக்கக் கையில் இருக்குமே, இரண்டு மடங்கு எடுக்கலாமே என்று மனம் கணக்குப் போடுகிறது. இன்னொரு ஃபுல்ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா பாடியும், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் ஒரு 70-200 ஜூம் லென்ஸும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாமா? இதை வைத்தே குடும்பம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள், நான் எதைப் பார்க்காமல் விட்டேன்?

மூன்றுகால்:
அந்த 22 பேர் எப்படி வந்தார்கள்? சொந்தக்காரர், நண்பர், கூட வேலை செய்பவர் என்றால் அந்த வட்டம் ஒரு நாள் தீர்ந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தது எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்.

பழையஷட்டர்:
தம்பி, 16 வருடமாக எனக்கு இது ஒன்றுதான் வருமானம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேலையை விட்டால் உங்களுக்குக் கிடைக்கப்போவது திங்கள் முதல் வெள்ளி வரை. நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை சனி, ஞாயிறில். அந்த இரண்டு நாட்களும் இப்போதே உங்களிடம் இருக்கின்றன! வார நாட்களை நிரப்ப வேறு வேலை வேண்டும்: பொருட்களைப் படமெடுப்பது, அலுவலகங்களுக்கு போர்ட்ரெய்ட், கட்டட உள்வேலைப் படங்கள் என்று. அதற்கு லைட்டிங் வேறு, பேசும் ஆட்கள் வேறு. அதில் ஒன்றையாவது இப்போதே தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது நேரம். மூன்றாவது வருடம் ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுத ஆரம்பித்தேன். ஒரு திருமணத்துக்கு நான் கேமராவோடு நின்றது 11 மணி நேரம். அதற்கு முன்னால் இரண்டு சந்திப்பு, மண்டபத்துக்குப் போய் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தது. அப்புறம் 2,600 படங்களில் 600-ஐப் பொறுக்குவது. ஒரே குடும்பப் படத்தை ஏழு தடவை எடுத்திருப்போம். பின்வரிசையில் பாட்டி கண் திறந்திருக்கும் படத்தில் முன்னால் குழந்தை திரும்பியிருக்கும். பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். கலர், ஆல்பம், திருத்தம், மறுபடி திருத்தம். கூட்டினால் 58 மணி நேரம்! நான் விலை சொன்னதோ 11 மணி நேரத்துக்கு. உங்களுக்கு இப்போது ராத்திரி எடிட்டிங்குக்கான கூலியை அலுவலகச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் லாபம் பெரிதாகத் தெரிகிறது.

கேமராவும் தேயும். பாடியைப் பொறுத்து, ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் கிளிக் வரை சோதித்திருப்பதாகத் தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். வருடத்துக்கு 40 நிகழ்ச்சி, ஒவ்வொன்றிலும் 2,600 என்றால் 1 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு நிகழ்ச்சிப் பணத்திலும் அடுத்த பாடிக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் வருமானம் என்று நினைக்க வேண்டும். இரண்டாவது பாடி கண்டிப்பாக வாங்குங்கள், ஒன்று மக்கர் செய்தால் கை விரிக்க முடியாது. 70-200-ஐ வாடகைக்கு எடுங்கள், போதும்.

ஐந்தாவது வருடம் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் கேமராவில் மெமரி கார்டு போட இரண்டு ஸ்லாட் உண்டு. முதல் கார்டு நிரம்பினால் இரண்டாவதுக்குப் போகும்படி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் 412-வது படத்துக்கு அப்புறம் எல்லாம் வெறும் சாம்பல் பட்டை. மீட்கும் மென்பொருளை விடிய விடிய ஓட்டியும் ஒன்றும் வரவில்லை. ஒரு அப்பா மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு அழுத படம் அதில் இருந்தது. பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை; இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது. அன்றிலிருந்து என் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும். மூன்று பிரதி வைப்பேன், ஒன்று வேறு வீட்டில் இருக்கும்.

வெள்ளைப்பின்னணி:
அண்ணன் சொன்ன வார நாள் வேலையைத்தான் நான் செய்கிறேன். அங்கே உரிமையை எழுத்தில் வையுங்கள். ஒரு நிறுவனத்துக்கு இணையதளத்துக்கு என்று எடுத்துக் கொடுத்த படம், ஒரு வருடம் கழித்துச் சாலையோரப் பலகையில் நின்றது. ஒப்பந்தத்தில் எங்கே, எவ்வளவு காலம் என்று நான் எழுதவில்லை, கேட்க வழியில்லாமல் போனது. 1947-ல் காப்பா, கார்த்தியே-பிரெஸ்ஸோன் போன்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர்கள் மேக்னம் என்ற புகைப்படக்காரர் கூட்டுறவைத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும். இப்போது என் ரசீதிலேயே பயன்பாடு, காலம் இரண்டும் இருக்கும். அட்வான்ஸ் வராமல் தேதியைப் பிடித்து வைப்பதும் இல்லை.

வெளிச்சம்தேடி:
எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: 22-ல் தேடி வந்த வெளியாட்கள் 6 பேர்தான். பழையஷட்டர் அண்ணா, உங்கள் அந்த 412-வது படத்தைப் படித்ததும் எழுந்துபோய் என் கேமராவின் ஸ்லாட் செட்டிங்கை மாற்றிவிட்டு வந்தேன். வேலையை இந்த வருடம் விடவில்லை. போன வாரம் எடுத்த திருமணத்துக்கு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஆல்பத்தை இன்னும் தொடவே இல்லை, அதற்குள் 37 மணி நேரம் ஆகிவிட்டது.