கோத்தகிரி, கூடலூர் மழை: பட்டை வரைபடத்துக்கு உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். எங்கள் ஊர்ச் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்துக்காக, கோத்தகிரி, கூடலூர் இரண்டின் மாத மழையளவையும் இணையக் கருவி ஒன்றில் பட்டை வரைபடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும்; கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். படத்தில் தெரியவேண்டியது இந்த வேறுபாடுதான். ஆனால் கூடலூரின் ஜூலைப் பட்டை உச்சியைத் தொடுகிறது, பக்கத்தில் கோத்தகிரி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஊருக்கு ஓர் அளவுகோல் வைக்கச் சொல்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு உடன்பாடில்லை. பட்டையின் நீளம்தானே அளவு? இரண்டு அளவுகோல் வைத்தால் 200 மில்லிமீட்டரும் 600 மில்லிமீட்டரும் ஒரே உயரத்தில் நிற்கும். அச்சு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரே அளவுகோலில் மேலும் கீழுமாக இரண்டு தனிப் படங்கள் போட்டால் தெளிவாக இருக்குமா? கறுப்பு வெள்ளை நகல்தான் எடுக்கப்போகிறோம். பச்சையும் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும்.

இன்னொரு தொல்லை: பிடிஎஃப்பாக இறக்கினால் ‘கோத்தகிரி’யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறுகிறது. தமிழ் எழுத்து உடையாத இலவசக் கருவி எது? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.