வளைவுக்குப் பணம், வரத்துக்காலுக்கு இல்லை: தெருச்சுவரில் கணக்கு எழுதுவது எப்படி?

ஊருணிக்கரை கேட்டது:

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. வார்டு இளைஞர்கள் சேர்ந்து சுவரோவியம் போடப்போகிறோம். சொல்ல வருவது ஒன்றுதான்: நுழைவு வளைவுக்கும் அலங்கார விளக்குக்கும் பணம் ஒதுக்குகிறார்கள், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வார மட்டும் நிதி இல்லை என்கிறார்கள். கட்சிச் சாயம் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம்.

சுவர் 40 அடி நீளம், 7 அடி உயரம். பழைய வீட்டின் பின்கட்டு மதில், மேற்குப் பார்த்தது. பாதி பழைய சுண்ணாம்புக் காரை, மீதிப் பாதி பிற்பாடு சிமெண்டால் பூசியது. பெயின்ட் எவ்வளவு பிடிக்கும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கணும், எந்தத் தொகையை எழுதினால் பொய் என்று யாரும் மறுக்க முடியாது, அனுமதி யார் தரவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூரிகை:

முதலில் சுவரின் தலையைப் பாருங்க தம்பி. மதில் உச்சியில் விரிசல் இருந்தாலோ சரிவு தெருப்பக்கம் இருந்தாலோ மழைத்தண்ணி ஓவியத்து மேலேயே வழியும். இரண்டு மழைக்காலத்தில் கறுப்புக் கோடு கோடாக இறங்கிவிடும். உச்சியில் கலவை வைத்துச் சரிவை வீட்டுப்பக்கம் திருப்புங்க. இதைச் செய்யாமல் எந்த விலைக்குப் பெயின்ட் வாங்கினாலும் வீண்.

அடுத்தது ஈரம். 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. உப்புப் பூத்த இடத்தைக் கம்பி பிரஷால் உலர்வாகவே தேய்த்து எடுக்கணும். தண்ணி ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். புதுசாகச் சிமெண்ட் பூசிய இடம் இருந்தால் 28 நாள் ஆறவிடுங்க, இல்லையென்றால் காரம் நிறத்தைத் தின்றுவிடும். பழைய வெள்ளையடிப்பை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்க. மாவு ஒட்டினால் சுரண்டாமல் அடிக்காதீங்க, பெயின்ட் அப்பளம் மாதிரி உரியும்.

கணக்கு: 280 சதுர அடி. எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி பிடித்தால் 3 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி, ஆக 6 லிட்டர். சொரசொரப்பான பூச்சு இன்னும் கொஞ்சம் குடிக்கும். எழுத்துக்கு ஒரு லிட்டர் தாராளம். கரும் நிறத்தைக் கடை மெஷினிலேயே கலந்து வாங்குங்க. வெள்ளையில் ஸ்டெய்னரை (நிறம் கூட்டும் சாயம்) கொட்டிக் கறுப்பாக்கினால் காயாமல் கையில் ஒட்டும்.

மேற்குச் சுவர் என்பதால் நிறத்தில் கவனம். ரோஸ், ஊதா, பளிச்சென்ற மஞ்சள் எல்லாம் முதலில் வெளுக்கும். செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு நிற்கும். ஆனால் நம்ம ஊரில் எந்த நிறத்தைத் தொட்டாலும் அதற்கு ஒரு கட்சி இருக்கு! கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் என்ன எழுதினாலும் அது கொடியாகத்தான் தெரியும், காவிக்கும் அதே கதை. சந்தன நிறத் தளத்தில் அடர் பழுப்பு எழுத்து போதும். அடியில் ஒன்றரை அடியை வெறும் பழுப்புப் பட்டையாக விட்டுவிடுங்க, செம்மண் சேறு அங்கேதான் தெறிக்கும்.

எழுத்து உயரத்துக்குப் பொதுவான கணக்கு, ஓர் அங்குலத்துக்கு 10 அடி தூரம். தமிழில் சுழி அதிகம், ண, ன இரண்டும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும். அதனால் 9 அங்குல எழுத்தை 60 அடி என்று வைத்துக்கொள்ளுங்க, பைக்கில் வருகிறவருக்கு அது போதும். ஓர் உருவுக்கு இடைவெளியோடு 11 அங்குலம் போகும். எழுத்தை எண்ணாதீங்க, உருவை எண்ணுங்க: 'கொ' ஓரெழுத்துதான், சுவரில் மூன்று இடம் பிடிக்கும்.

கட்டத்தாளில் ஒரு சென்டிமீட்டர் ஒரு அடி என்று வரைந்து, சுவரில் நூல் சுண்டி ஓரடிக் கட்டம் போடுங்க. சாக்பீஸ் மட்டும். கரி வெளிர் நிறத்தில் கலந்து அழுக்காக்கும், மார்க்கர் இரண்டு கோட்டுக்கு மேலேயும் கசிந்து வெளியே வரும். மேற்குச் சுவர் என்பதால் மதிய வெயில் ஏறுவதற்குள் நிறுத்திவிடுங்க. வெயில் ஏறிய சுவரில் எமல்ஷன் பிரஷிலேயே காயும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம்.

சுண்ணாம்புக்காரை:

தூரிகை சொன்னதெல்லாம் சிமெண்ட் பாதிக்குச் சரி. சுண்ணாம்புப் பாதியில் எமல்ஷன் போடவே கூடாது.

செட்டிநாட்டுக் காரை மூச்சுவிடும் பூச்சு. சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. மேலே பிளாஸ்டிக் படலம் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு, இரண்டு வருடத்தில் பெயின்ட்டோடு காரையும் பாளம் பாளமாகப் பெயரும். வீட்டு முகப்பிலும் வளவிலும் (உள்முற்றத்திலும்) இருப்பது முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய வழவழப்பு. அதில் பிரைமரே பிடிக்காது, பிடித்தாலும் அது பாவம். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பொதுப்பணம் வீணாகிறது என்று எழுதப் போய் 100 வருடக் காரையை நாமே கெடுத்தால் எதிர்த்தரப்பு அதையே படம்பிடித்துப் போடும்.

அந்தப் பாதியை வெறுமனே விடுங்கள். ஏதாவது வரைந்தே ஆகவேண்டும் என்றால் சுவரை நனைத்து, வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் காவிப்பொடி கலந்து மெல்லிசாக மூன்று கை அடிக்கலாம். பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உதிரும்.

கணக்குப்பிள்ளை:

பெயின்ட்டை விட எண்தான் சீக்கிரம் உரியும். வளைவு கட்டியது பேரூராட்சிப் பணமா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இவற்றில் ஒன்றிலோ நன்கொடையிலோ கட்டிய வளைவை 'பேரூராட்சி செலவு' என்று எழுதினால், அந்த ஒரு வரியை வைத்தே மொத்தச் சுவரையும் பொய் என்பார்கள். ஊருணியும் அப்படித்தான். சில ஊருணி கோயிலுக்கோ நகரத்தார் சமூகத்துக்கோ சொந்தம், சிலது பேரூராட்சிக்கு. வரத்துக்கால் பக்கத்து ஊராட்சி எல்லையில் ஓடலாம். நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேடும் எல்லை காட்டும் புலப்படமும் பார்க்காமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுப் போடுங்கள். பேரூராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில். 'ஏன் தூர்வாரவில்லை' என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் ஆவணத்துக்கு, காரணத்துக்கு இல்லை. இப்படிக் கேளுங்கள்: இன்ன நிதியாண்டில் வளைவு, அலங்கார விளக்குப் பணிகளின் மன்றத் தீர்மான நகல், நிர்வாக அனுமதி, மதிப்பீடு, நிதித் தலைப்பு, இறுதிப் பில் தொகை, அதே ஆண்டில் வரத்துக்கால், ஊருணிப் பணிகளுக்கு அதே விவரங்கள். எம்-புக்கை (செய்த வேலையின் அளவுப் பதிவேடு) நேரில் பார்வையிடவும் கேட்கலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மதிப்பீட்டுத் தொகையைச் செலவு என்று எழுதாதீர்கள். பணியிடப் பலகையில் இருப்பது பெரும்பாலும் மதிப்பீடுதான். பில் தொகை அதைவிடக் குறைந்திருக்கலாம்.

'நிதி இல்லை' என்பதற்கு ஒரு நல்ல எதிர்க்கேள்வி இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021–26க்கு உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி துப்புரவுக்கு. நீருக்கான பங்கு எவ்வளவு வந்தது, எதில் செலவானது என்று தனி மனுவாகக் கேளுங்கள். அந்தப் பதில்தான் சுவருக்கு ஏறவேண்டிய எண். விளக்குப் பணத்தை அப்படியே வாய்க்காலுக்குத் திருப்பு என்று எழுதினால் 'தலைப்பு வேறு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அனுமதி: திறந்தவெளிகளின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தனியார் சுவர் என்றாலும் உரிமையாளரின் எழுத்துக் கடிதம் கையில் இருக்கட்டும். இங்கே சிக்கல், வீடு பத்துப் பங்காளிக்குச் சொந்தம், ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர். சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் 'எழுதிக்கங்க' என்பது அனுமதி ஆகாது. பங்காளிகளில் பொறுப்பாக இருப்பவரிடம், மற்றவர்களுக்கும் தெரியும் என்ற வரியோடு கடிதம் வாங்குங்கள். பேரூராட்சிக்கு ஒரு நகல். கட்சிக்காரர் யாராவது அந்தச் சுவரை ஏற்கனவே வெள்ளையடித்துப் பெயரெழுதி 'ரிசர்வ்' செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை, ஆனால் விடியற்காலையில் உங்கள் ஓவியம் வெள்ளையாகியிருக்கும். தேர்தல் அறிவிப்பு நெருங்கினால் தொடங்கவே வேண்டாம், நடத்தை விதி வந்ததும் சுவர்களை அழித்துக்கொண்டே வருவார்கள்.

வடக்குத்தெரு:

ஒரு சின்ன ஆட்சேபம். 'விளக்கு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். இருட்டுச் சந்துக்குத் தெருவிளக்கு கேட்டு நடக்கும் பெண்கள் இதே வார்டில் இருப்பார்கள். அலங்கார விளக்கு வேறு, தெருவிளக்கு வேறு. அவர்களை எதிரணிக்குத் தள்ளிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் விளக்கையே விட்டுவிட்டு வளைவு, வரத்துக்கால் இரண்டை மட்டும் வையுங்கள்.

ஊருணிக்கரை:

நன்றி. சுண்ணாம்புப் பாதியைத் தொடவில்லை. ஆக 20 அடிதான். விளக்கையும் எடுத்துவிட்டோம். 'வளைவு வந்தது வரத்து வந்ததா?' என்று ஒரே வரி, கீழே இரண்டு தொகை. இடம் கொள்ளுமா? அடுத்த வருடம் தொகை மாறினால் முழுச் சுவரையும் திரும்ப அடிக்கணுமா?

தூரிகை:

கொள்ளும், மயிரிழையில். ஓரத்துக்கு அரையடி விட்டால் 19 அடி, 228 அங்குலம், 11ஆல் வகுத்தால் 20 உருவுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் வரி கேள்விக்குறியோடு 18 உரு, மூன்று இடைவெளியையும் அரை அரையாகப் போட்டால் பத்தொன்பதரை. பெயின்ட்டும் பாதி: பிரைமர் 2 லிட்டர், எமல்ஷன் 4 லிட்டர் டின் ஒன்று.

தொகை வரும் இடத்தில் மட்டும் 6 அடிக்கு 2 அடி கரும்பலகைப் பெயின்ட் அடித்து, எண்ணை வெள்ளை எமல்ஷனில் எழுதுங்க. மாறும்போது அந்தப் பலகையை மட்டும் மறுபடி கறுப்படித்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 'நம் பணம், நம் கணக்கு' என்று 1990களில் மக்கள் விசாரணை நடத்தியபோது செய்ததும் இதுதான், பதிவேட்டில் இருந்ததை ஊரார் முன்னால் அப்படியே வாசித்தார்கள். பலகையில் தொகைக்குக் கீழே 2 அங்குல எழுத்தில் நிதியாண்டு, ஆர்.டி.ஐ. பதில் கடித எண், தேதி மூன்றையும் எழுதுங்கள்.

தொகையைக் கோடியில் புள்ளி வைத்து எழுதவேண்டாம், லட்சத்தில் முழு எண்ணாக எழுதுங்கள். 1.20 கோடி என்று எழுதினால் புள்ளி அழிந்து 120 கோடி ஆகும். 12 லட்சத்தின் நடுவே ஒரு பல்லி எச்சம் காய்ந்தாலும் 1.2 ஆகிவிடும். இரண்டுக்கும் ஆள் வந்து நிற்பார்கள். அதனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே 'பன்னிரண்டு லட்சம்' என்று எழுத்தாலும் எழுதுங்கள்.