புதுப்பிப்பு: ஸ்பெயின் போய் வந்தாச்சு

ஏழு நாளில் டொலேடோ, கோர்டோபா, செவில்லே, கிரானடா நான்கையும் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிந்தது, டொலேடோவை மட்டும் அரை நாளில் ஓடி ஓடிப் பார்த்தோம்.

நீங்கள் சொன்னபடி, முன்பு மசூதியாக இருந்து பிறகு பேராலயமாக்கப்பட்ட கோர்டோபா மசூதிப் பேராலயத்துக்குக் காலை எட்டரைக்கே போனோம், அந்த நேரத்தில் கட்டணமில்லை. 850-க்கும் மேற்பட்ட தூண்கள், மேலே சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள். நடுவில் திடீரென ஒரு தேவாலயம் எழும்பி நிற்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. மனைவிக்கு அதுதான் பிடித்தது.

கிரானடாவின் மலைக்கோட்டையான அல்ஹம்ப்ராவில், நஸ்ரித் வம்ச சுல்தான்களின் அரண்மனைக்குச் சீட்டில் போட்ட நேரத்துக்குத்தான் விடுவார்கள், பாஸ்போர்ட்டும் கேட்டார்கள். என்னுடையது விடுதியில்! இறங்கி ஓடி, மறுபடி மலையேறி, கடைசி நிமிடத்தில் நுழைந்தோம். அப்புறம் செவில்லே. மதிய வெயில் நேரத்தில் தூங்கினோம்.