வசவு வாங்கிய நாள்: நடுவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கபடி நடுவர், தேனிப் பக்கம்:

போன ஞாயிறு ஒரு ஊர்த் திருவிழாக் கபடி. என்னோடு அம்பயராக நின்ற தம்பிக்கு 21 வயது. நடுவர் தேர்வில் தேறி ஒரு வருடம்தான் ஆகிறது. ஆட்டம் முடிந்து சட்டை மாற்றும்போது, "அண்ணே, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். அவன் அம்மாவை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் அவன் தெருக்காரர், சின்ன வயதில் தூக்கி வளர்த்தவராம். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உங்களையெல்லாம் கேட்கிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். இறுதி ஆட்டம், இரவு பதினொன்றரை மணி. நாலு மூங்கிலில் கட்டிய ஃபோகஸ் லைட்தான் வெளிச்சம். உள்ளூர் அணி 27, வந்த அணி 28. கடைசி ரெய்டு உள்ளூர்ப் பையனுடையது. எதிரில் ஆறு பேர் நின்றார்கள், அதனால் போனஸ், அதாவது கூடுதலாக ஒரு புள்ளி, உண்டு. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் விழும்போது பின்னங்கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதான் விதி. அவன் முன்னங்காலைச் சரியாகத்தான் வைத்தான். ஆனால் பின்னங்கால் பெருவிரல் மண்ணை இழுத்துக்கொண்டு போனது. விரல்கடை நீளத்துக்கு ஒரு கோடு. இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். போனஸ் இல்லை என்று கையசைத்தேன்.

அடுத்த நிமிடம் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. "இதோ பாருங்க, கோடு" என்று குனிந்து காட்டப் போனேன். அதற்குள் நூறு கால்கள் அதை மிதித்து அழித்துவிட்டன. ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. கமிட்டிக்காரர்கள் யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட இறங்கி வரவில்லை.

வந்தது யார் தெரியுமா? தோற்ற அணியின் கேப்டன். கையை விரித்து எனக்கு முன்னால் நின்று, "அண்ணே, நீங்க வண்டிய எடுங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்றார். மெயின் ரோடு வரை அவர் வண்டியின் வெளிச்சம் என் முதுகில் விழுந்துகொண்டே வந்தது. அந்தக் காலர் பிடி இப்போது லேசாகத்தான் ஞாபகம் இருக்கிறது. மேடையிலிருந்து யாரும் இறங்கி வராததுதான் மறக்கவே இல்லை.

செஸ் ஆர்பிட்டர், கோவை:

எங்கள் விளையாட்டில் காலரைப் பிடிப்பதில்லை. ஆனால் பெற்றோர் உண்டு. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து, நான் போகிற சிறுவர் போட்டிகளில் கூட்டம் நன்றாகவே கூடியிருக்கிறது. சந்தோஷம்தான். ராத்திரி ரயிலில் வந்து, லாட்ஜில் குளித்து, கோச்சுக்கு மாதாமாதம் பணம் கட்டி, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுக் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. நானும் ஒரு பிள்ளைக்கு அப்பா.

9 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. ஒரு பெண் குழந்தை ராணியைத் தொட்டுவிட்டு, கையை எடுத்து யானையை நகர்த்தியது. எதிரே இருந்த பையன் கையைத் தூக்கினான். நான் போய்க் குனிந்து, "தொட்டியாம்மா?" என்று கேட்டேன். குழந்தை தலையை ஆட்டியது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், வேறு வழியே இல்லை. ராணி போயிற்று, ஆட்டமும் போயிற்று.

வெளியே வந்ததும் அப்பா பிடித்துக்கொண்டார். "அந்தப் பையனோட அகாடமி உனக்கு எவ்வளவு குடுத்துச்சு?" சுற்றிலும் ஐம்பது பெற்றோர், ஐம்பது போன். குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "அப்பா, நான்தான்பா தொட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் காதில் விழவே இல்லை. அடுத்த சுற்றில் அந்தக் குழந்தை என்னைக் கூப்பிட்டது. பேனா எழுதவில்லையாம். என் பேனாவைக் கொடுத்தேன். வாங்கும்போது அது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதல் சுற்றுக்கு முன்னால் பெற்றோரிடம் ஐந்து நிமிடம் பேசுவேன். தொட்ட காய் விதி, தவறான நகர்த்தல் முதல் முறை என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாவது முறை என்றால் தோல்வி, போன் உள்ளே வந்தால் என்ன ஆகும், முறையீட்டை யாரிடம் எப்படி எழுதிக் கொடுப்பது, எல்லாம் சொல்லிவிடுவேன். சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உடற்கல்வி ஆசிரியை, அரசுப் பள்ளி:

பெண்களுக்கு இது இன்னும் ஒரு படி கூடுதல். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் குறுவட்டப் போட்டியில் 4×100 ரிலே. கடைசி மாற்றத்தில் குச்சி, மாற்றுவதற்கான எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் கை மாறியது. தவறு என்று மஞ்சள் கொடி தூக்கினேன். முதலில் வந்த அணி போயிற்று. ஒரு பெற்றோர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வீடியோ கேலரியிலிருந்து எடுத்தது, கோடு சாய்வாகத் தெரிகிறது. நான் நின்றது கோட்டுக்கு நேரே. சொன்னால் யார் கேட்கிறார்கள்? "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்பதில் ஆரம்பித்து, இங்கே எழுத முடியாத வார்த்தைகள் வரை போயிற்று. சாயங்காலத்துக்குள் என் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் மகன் அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்க?" என்று கேட்டான்.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, இன்னும் மேலே போனால் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. ஒரு குச்சி கை மாறுகிற இடத்தில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே தொங்குவதாக நினைக்கிறார்கள். அதற்காக என்னைத் திட்டியதை ஏற்றுக்கொள்ள முடியாது.

என்னைக் காப்பாற்றியது அந்த நிமிடமே எழுதி வைத்த அறிக்கை. எந்த ஓடுபாதை, எந்த மாற்றம், எத்தனை மணி, பக்கத்தில் நின்ற நடுவர் கையெழுத்து. மறுநாள் விசாரணை என்று கூப்பிட்டபோது அந்த ஒரு தாள் போதுமாக இருந்தது. தம்பிக்குச் சொல்லுங்கள்: வாய்ப்பேச்சு வேண்டாம், உடனே எழுது.

கால்பந்து ரெஃப்ரி, சென்னை:

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேர் நகரில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். மகன் ஆடுகிற கிளப்புக்காக எல்லைக் கோட்டில் சும்மா கொடி பிடிக்க வந்த ஒரு அப்பாவை, எதிரணிப் பையன்கள் அடித்தே கொன்றார்கள். அந்தப் பையன்களில் ஒருவனின் அப்பாவும் சேர்ந்து அடித்தார். அவருக்கு 6 ஆண்டு சிறை. அடுத்த வார இறுதியில் அந்த நாட்டில் அமெச்சூர் ஆட்டங்கள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அதைப் படித்த அன்று என் மனைவி, "இந்த ஞாயிறு போக வேண்டாம்" என்றாள். போனேன். ஆனால் முதல் முறையாகப் பயத்தோடு போனேன்.

இப்போது ஐரோப்பாவில் கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரியிடம் வந்து பேசலாம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். 2024 யூரோ கோப்பையில் பார்த்திருப்பீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமை செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில், அதையே செய்கிறேன். டாஸ் போடும்போதே சொல்லிவிடுவேன். பெற்றோருக்கும் அதேதான், டீம் மேனேஜர் வழியாகத்தான் பேச வேண்டும்.

கிரிக்கெட் அம்பயர், லீக் ஆட்டங்கள்:

சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வெங்கட்ராகவன் சார் 57 டெஸ்ட் ஆடிவிட்டு, 73 டெஸ்டில் அம்பயராக நின்றார். அந்த மட்டத்தில் மேட்ச் ரெஃப்ரி, போலீஸ், தனி அறை எல்லாம் உண்டு. 14 வயதுப் பையன்கள் ஆட்டத்தில் எனக்கு இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்.பி.டபிள்யூ கொடுத்துவிட்டு டீ பிரேக்கில் அந்த நாற்காலிக்கு நடந்து போகிற நாற்பது அடிதான் ரொம்ப தூரம். கூட ஒருத்தர் நடந்து வந்தால் போதும். இப்போது நாங்கள் இரண்டு அம்பயர்களும் சேர்ந்தே போகிறோம், சேர்ந்தே வருகிறோம்.

கபடி நடுவர், தேனிப் பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தம்பி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அந்தக் குழந்தை கதை வந்தபோது போனை வாங்கித் தானே இன்னொரு முறை படித்தான். அவன் அம்மா காபி கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "அண்ணே, அடுத்த வாரம் ஸ்கோர் எழுத வர்றேன். விசில் இப்ப வேணாம்" என்றான். சரி என்றேன். கமிட்டிக்குப் போன் போட்டு, ஸ்கோர் மேஜையை மேடைப் பக்கம் போடாமல், நான் நிற்கிற கோட்டோரமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.