மறு: டிடக்டிபிள் - 'கழிவு' வேண்டாம், 'தாங்கல்' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை ஒருசேர உட்கார்ந்து படித்தேன். இழப்பில் காப்பீட்டு நிறுவனம் தராமல் நாமே ஏற்க வேண்டிய முதல் பகுதிதான் டிடக்டிபிள். அதற்குத் தமிழில் 'கழிவு', 'விலக்குத்தொகை', 'தற்பொறுப்பு' என்று மூன்று வந்திருக்கின்றன. பாலிசியில் இதையே எக்ஸஸ் என்று அச்சடித்திருப்பதை வைத்து 'மிகை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மின்நிலையங்களிலும் காற்றாலைகளிலும் வேலை செய்பவர்களுக்கு இடர் மேலாண்மையும் காப்பீடும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தச் சொல் இல்லாமல் ஒரு வகுப்புகூட நடக்காது. அகராதியில் பார்க்க அழகாக இருக்கிறதா என்பதைவிட, இரவு ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கேட்டவுடன் பிடிபடுகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கழிவு' என்பதை நான் வகுப்பில் போட்டே பார்த்துவிட்டேன். போன வருடம் கடலோரத்தில் ஒரு அனல்மின் நிலையத்தில் பலகையில் 'கழிவு: 5 கோடி' என்று எழுதினேனோ இல்லையோ, சாம்பல் கையாளும் பிரிவிலிருந்து வந்திருந்த ஒருவர், "சாம்பல் குட்டைக்குத் தனியா இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மின்நிலையத்தில் கழிவு என்றால் சாம்பல், கழிவுநீர், எண்ணெய்க் கசடு. வெளியே வந்தால் துணிக்கடையில் கழிவு, வருமான வரியில் கழிவு. அந்த இரண்டிலும் கழிவு கூடக்கூட நமக்கு லாபம். இங்கே கூடக்கூட நம் பணம் போகிறது. பொருள் நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது.

'மிகை' சரிவராது. இழப்பில் மிகுந்து நிற்பதைக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது, நாம் பெயர் தேடுவதோ அதற்கு அடியில் இருக்கும் பகுதிக்கு. 'விலக்கு' ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது: போர், தேய்மானம், அணுக்கதிர்வீச்சு என்று பாலிசி தொடவே தொடாதவற்றை எல்லாம் விலக்குகள் என்றுதான் எழுதிவருகிறோம். 'தற்பொறுப்பு' பொருளில் சரி, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு என்று ஒரு பெரிய பிரிவே இருக்கிறதே, அங்கே போய் 'பொறுப்புக் காப்பீட்டில் தற்பொறுப்பு' என்று எழுதினால் எழுதுகிறவருக்கே குழம்பும்.

'தாங்கல்' என் சொந்தச் சொல் இல்லை, வகுப்பில் கிடைத்தது. அந்தச் சாம்பல் கேள்விக்குப் பிறகு பலகையை அழித்துவிட்டு, காரிலிருந்து ஆரம்பித்தேன். 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாய டிடக்டிபிள் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000, இருசக்கர வண்டிக்கு 100. பம்பர் உடைந்து 9,000 ரூபாய் ஆனால் முதல் ஆயிரம் உங்களுடையது என்றேன். பின்வரிசையில் இருந்த டர்பைன் பராமரிப்பு ஃபோர்மேன் ஒருவர், "அப்போ முதல் அஞ்சு கோடி நாம தாங்கணும், அதுக்கு மேலதான் அவங்க தாங்குவாங்க, அவ்வளவுதானே சார்" என்றார். அரை மணி நேரமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். 'இந்தச் செலவை என்னால் தாங்க முடியாது' என்று வீட்டில் பேசும் அதே தாங்குதல்தான். சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

'தொகை' என்று முடியும் எந்தச் சொல்லும் எரிசக்தித் துறைக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே டிடக்டிபிள் பணத்திலும் இருக்கும், நாளிலும் இருக்கும். வகுப்பில் நான் போடும் கணக்கையே தருகிறேன். ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. பொருள் சேதத்துக்கு டிடக்டிபிள் 5 கோடி, உற்பத்தி நின்றதால் வரும் வருமான இழப்புக்கு 45 நாள். நிலையம் 200 நாள் நிற்கிறது, ஒரு நாள் நின்றால் 40 லட்சம் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். 155 நாளுக்குத்தான் பணம் வரும். மீதி 45 நாள், அதாவது 18 கோடி, நிறுவனத்தின் தலையில். பாலிசியைப் புரட்டிப் பார்க்கிற மேலாளர் கண்ணுக்கு 5 கோடி என்ற எண் தெரிகிறது. 45 என்ற எண்ணுக்குள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஒளிந்திருப்பது தெரிவதில்லை. 'தாங்கல் 5 கோடி, தாங்கல் 45 நாள்' என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டு அடுத்தடுத்து எழுதும்போதுதான் கூட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுத்து வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம் என்பதால் இது வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை.

இந்த நாள் விஷயத்துக்குக் 'காத்திருப்புக் காலம்' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். வேண்டாம் ஐயா. மருத்துவக் காப்பீட்டில் பாலிசி எடுத்த முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அது முழுக்க வேறு பொருள். அதோடு காத்திருப்பு என்றால், காத்திருந்தபின் எல்லாமே கிடைத்துவிடும் என்ற எண்ணம் வருகிறது. இங்கே அந்த நாட்களின் நஷ்டம் போனது போனதுதான், எப்போதும் திரும்பாது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். ஜூலையில் காற்று அடிக்கும்போது கியர்பாக்ஸ் போய் முதல் 30 நாள் நின்றால் என்ன போகும், ஜனவரியில் நின்றால் என்ன போகும்! நாள் ஒன்றுதான், சுமை ஒன்றல்ல. அதனால்தான் சில பாலிசிகளில் முதல் 30 நாளின் உண்மையான நஷ்டமா, அல்லது சராசரி ஒரு நாள் மதிப்பை முப்பதால் பெருக்கியதா என்று தனியாக எழுதிவைக்கிறார்கள். அது எழுதாத இடத்தில்தான் தகராறு வருகிறது.

இடர் மேலாண்மைப் பாடமும் காப்பீட்டுப் பாடமும் சந்திக்கிற இடமே தாங்கல் என்ற இந்தக் கோடுதான் என்பதால்தான் ஒரு சொல்லுக்காக இவ்வளவு மன்றாடுகிறேன். பாய்லர் குழாய்க் கசிவு, பம்ப் சீல், வால்வு என்று அடிக்கடி வருகிற சிறு இழப்புகள் எல்லாம் தாங்கலுக்குக் கீழேதான் விழுகின்றன, அவற்றுக்குக் காப்பீட்டில் ஒரு ரூபாய் வராது, பராமரிப்பு ஒழுங்காக இருந்தால்தான் அந்தப் பணம் மிச்சம். மேலே இருக்கும் பெரிய விபத்துக்குத்தான் பிரீமியம் கட்டுகிறோம். தாங்கலை உயர்த்தினால் பிரீமியம் குறையும். எவ்வளவு உயர்த்தலாம் என்பது எவ்வளவு தாங்க முடியும் என்ற கேள்வி. ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க ஒரு படம் போட வேண்டும். தமிழில் கேள்விக்குள்ளேயே சொல் இருக்கிறது.

ரிட்டென்ஷனுக்கு, அதாவது பிறருக்குக் கடத்தாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பங்குக்கு, தனிச்சொல் வேண்டும் என்று நேற்று வந்த மடலுக்கு என் பதில்: அதற்கும் தாங்கலே போதும். ஆலை உரிமையாளர் தாங்குவது உரிமையாளர் தாங்கல். காப்பீட்டு நிறுவனம் மறுகாப்பீட்டுக்கு (தன் சுமையில் ஒரு பங்கை இன்னொரு நிறுவனத்திடம் காப்பீடு செய்வதற்கு) அனுப்பாமல் தன்னிடம் வைத்துக்கொள்வது காப்பீட்டாளர் தாங்கல். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இழப்பை மட்டும் ஏற்பதை எக்ஸஸ் ஆஃப் லாஸ் மறுகாப்பீடு என்கிறார்கள், எல்லோரும் திணறுகிற அந்தத் தொடர் 'தாங்கல்மேல் மறுகாப்பீடு' என்று தானாகவே அமைந்துவிடுகிறது.

இதைப் பைப்பர் ஆல்ஃபா பாடத்தில் பொருத்திப் பாருங்கள். 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் அந்த எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்க்கப் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்த பம்பை, அது தெரியாமல் இரவு ஷிப்ட் ஆட்கள் ஓட்டியதில் தொடங்கியது. வேலை அனுமதிச் சீட்டு ஒழுங்காகக் கைமாறவில்லை. இந்தப் பகுதியை எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுகிற பகுதி லண்டன் காப்பீட்டுச் சந்தையில் நடந்தது. அங்குள்ள லாயிட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தையில் இருந்த பல காப்பீட்டுக் குழுக்கள் தங்களிடம் சிறிதளவே வைத்துக்கொண்டு மீதியை ஒருவருக்கொருவர் மறுகாப்பீடாகத் தள்ளிவிட்டிருந்தன. ஒருவர் தள்ளியது நாலு கை மாறி அவரிடமே திரும்பிவந்தது. அந்த ஒரே விபத்துக்காக எழுந்த கேட்புகளின் (கிளெய்ம்களின்) கூட்டுத்தொகை உண்மையான இழப்பைப் போலப் பல மடங்காக வீங்கி, தீர்க்க வருடக்கணக்கில் ஆனது. எல்லோரும் கடத்தினார்கள், போதுமான அளவு தாங்கியவர் இல்லை. இந்த வாக்கியத்தைக் 'கழிவு' வைத்து எழுத முடியுமா பாருங்கள்.

மறுபக்கம் பிபி என்ற எண்ணெய் நிறுவனம். 2010 ஏப்ரல் 20இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, அந்த நிறுவனம் பெரும்பாலும் தன்காப்பீட்டில்தான் இருந்தது, அதாவது கிட்டத்தட்ட எல்லாமே தாங்கல். மொத்தச் செலவு 6,000 கோடி டாலரைத் தாண்டியது. அவ்வளவையும் தாங்குகிற உடம்பு அதற்கு இருந்தது. நம் ஊரில் பத்துக் காற்றாலை வைத்திருப்பவர் அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று வகுப்பில் கட்டாயம் சொல்வேன்.

இனி மறுப்புகள். தாங்கல் என்றால் ஏரி, வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தானே என்று கேட்கிறார்கள். ஆமாம், அதனால் என்ன? ஓடிவருகிற நீரைத் தாங்கி நிறுத்துவதும் இதே வினைதான், மேலே நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது. எனக்கு இது உவமையாகவே பயன்படுகிறது. குமரி மாவட்டத்து நண்பர் அய்யாவழி வழிபாட்டிடமான நிழல்தாங்கலை நினைவூட்டினார், அங்கேயும் யாருக்கும் குழப்பம் வராது. 'மனத்தாங்கல்' பற்றிய கவலைக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தச் சொல் எப்போதும் மனத்தோடு சேர்ந்தேதான் வருகிறது, தனியாக நிற்பதை நான் கேட்டதில்லை.

'தன்தாங்கல்' என்று முன்னொட்டுச் சேர்க்கலாம் என்றால், புணர்ச்சிப்படி 'தற்றாங்கல்' ஆகிவிடும், அது வகுப்பில் நிற்காது. முன்னொட்டே வேண்டாம்.

இலங்கை நண்பர்கள் காப்புறுதி, மீள்காப்புறுதி என்றே எழுதட்டும், தாங்கல் இரண்டோடும் சேரும். அங்கே ஏற்கெனவே நிலைத்த சொல் வேறு இருந்தால் சொல்லுங்கள், நான் விட்டுக்கொடுக்கத் தயார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. ஃபிரான்சைஸ் என்று ஒரு வகை இருக்கிறது: இழப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் ஒன்றும் வராது, அதைத் தாண்டினால் முதல் ரூபாயிலிருந்து முழுதும் வரும். தாங்கலில் நம் பங்கு எப்போதும் நம் பங்குதான், இதில் கோட்டைத் தாண்டியவுடன் அது மறைந்துவிடுகிறது. 'தாண்டு வரம்பு' என்று தற்காலிகமாகக் கையேட்டில் போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. அடுத்த மாதம் 10ஆம் தேதி கையேடு அச்சுக்குப் போகிறது. அதற்குள் நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள், நள்ளிரவானாலும் பார்ப்பேன்.