12 வயசு, டைமிங் நின்னுபோச்சு, தோள் வலி வேற: ரெண்டு வேளை பயிற்சி சேர்க்கலாமா?

ஆவடி அப்பா:
மகளுக்கு 12 வயசு, கிளப்ல நாலு வருஷமா நீந்துறா. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 1:14. ஏழு மாசமா அதுக்குக் கீழ இறங்கவே இல்ல. உயரம் மட்டும் இதுக்குள்ள 5 செ.மீ. கூடியிருக்கு. வாரம் 5 நாள், சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஏழு வரை பயிற்சி. இப்ப காலை 5 மணிக்கும் வரச் சொல்றாங்க. பேடிலும் (உள்ளங்கையில மாட்டுற பிளாஸ்டிக் தட்டு) போட ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வாரமா வலது தோள் முன்பக்கம் வலிக்குதுங்கிறா. என்ன செய்யலாம்?

லேன் நாலு:
சார், முதல்ல வலியைப் பாருங்க. பேடிலை இன்னைக்கே பையில போட்டுடுங்க. கிக்போர்டும் வேண்டாம். கையைத் தலைக்கு மேல நீட்டிப் பலகையைப் பிடிச்சா, வலிக்கிற இடம்தான் திரும்பத் திரும்ப நசுங்கும். கிக் செட்டை மல்லாந்து, கை ரெண்டையும் தொடையோட ஒட்டி வச்சு அடிக்கட்டும்.

அடுத்தது, இடப்பக்கம் மட்டுமே மூச்சு எடுக்கிறாளா? அப்படின்னா முன்னால நீண்டிருக்கிற வலது கை தண்ணியை அமுக்கித் தலையைத் தூக்கிக் கொடுக்குது, தோள் அடி வாங்குது. லேன் முனையில நின்னு நேரா எதிர்ல வரும்போது பாருங்க: கை தோளுக்கு நேரா இறங்கணும். மூக்குக்கு நேராவோ அதைத் தாண்டியோ இறங்கினா கோச்கிட்ட காட்டுங்க. (நிறைய குளத்துல போன் எடுக்க விடமாட்டாங்க. கேட்டுட்டு வீடியோ எடுங்க.) வார்ம்-அப் முழுக்க மூணு ஸ்ட்ரோக்குக்கு ஒரு மூச்சு, ரெண்டு பக்கமும்.

ரெண்டு வாரம் தாண்டிடுச்சு, அதனால பிசியோகிட்ட காட்டிடுங்க. ராத்திரி தூக்கத்துல வலிச்சா டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போட வேண்டாம். வலி அடங்கினப்புறம் உடற்பயிற்சி ரப்பர் பேண்ட்: முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல மடிச்ச துண்டு, முன்கையை வெளிப்பக்கமா மெதுவா திருப்பணும். 15 தடவை, 2 செட், வாரம் 3 நாள். துண்டு கீழ விழுந்தா செய்யறது தப்பு.

மீனாக்கா:
7 மாசத்துல 5 செ.மீ.ன்னா வருஷக் கணக்குல எட்டரை. பெண் பிள்ளைங்க வேகமா வளர்றது 12 வயசை ஒட்டித்தான், பையன்களுக்கு 14 வாக்கில். கை கால் நீண்டுடும், உடம்புக்குப் பழைய அளவுதான் பழக்கம். முழங்கை தண்ணிக்குள்ள சரியும், டர்ன்ல சுவர் கிட்ட வந்துடும். இந்த நேரத்துல ஸ்டாப்வாட்சை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க. வாரம் ஒருநாள் 25 மீட்டருக்கு எத்தனை ஸ்ட்ரோக்னு எண்ணி நோட்டுல எழுதுங்க. கை நீண்டும் ஸ்ட்ரோக் குறையலன்னா பிடிப்பு நழுவுது, டெக்னிக் வேலை பாக்கி இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருமுறை காலையில வெறுங்காலோட சுவரோரம் நிக்க வச்சு உயரமும் குறிச்சுக்கோங்க.

மாதவிடாய் ஆரம்பிச்சிருந்து, செட் நடுவுல சோர்ந்து போறான்னா, டாக்டர்கிட்ட கேட்டு ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச்சத்து இருப்பைக் காட்டுறது) பாருங்க.

ஒரு கேள்வி: அந்த 1:14 எந்தக் குளத்துல?

ஆவடி அப்பா:
அந்தப் பழைய 1:14 25 மீட்டர் குளத்துல, மேடம். போன மாசம் நடந்த மீட் (போட்டி) 50 மீட்டர் குளம்.

மீனாக்கா:
அப்ப எங்க நின்னுபோச்சு! 25-ல மூணு டர்ன், 50-ல ஒண்ணுதான். ஒவ்வொரு டர்ன்லயும் சுவரை உதைச்சு வர்ற வேகம் இனாம். 100 மீட்டருக்கு 2, 3 விநாடி வித்தியாசம் சாதாரணம். நோட்டுல குளத்துக்கொரு பக்கம்னு தனித்தனியா எழுதுங்க.

தண்ணிக்காகம்:
மேடம் சொன்னது சரி. ஆனா டெக்னிக்னு சொல்லி தூரத்தைக் குறைச்சுடாதீங்க. இந்த வயசுலதான் அடித்தளம் போடணும். தோள் ஆறினதும் 400, 200 ரெண்டும் முழு வேகத்துல, வேற வேற நாள்ல எடுங்க. 400-க்கு 5:40, 200-க்கு 2:40ன்னு வச்சுப்போம். கூடுதல் 200 மீட்டருக்கு வித்தியாசம் 180 விநாடி, பாதி 90. அதனால 100-க்கு 1:30தான் அவ தொடர்ந்து தாக்குப்பிடிக்கிற வேகம். 10 × 100, ஒவ்வொண்ணும் 1:30-ல வந்து 1:45-க்குக் கிளம்பணும். கடைசி மூணு 1:33-க்குப் போனா வேகம் அதிகம், அடுத்த வாரம் 1:32-ல ஆரம்பிங்க.

காலை 5 மணிக்கு எனக்கு உடன்பாடில்ல. எழுந்திருக்க நாலே கால், 9 மணி நேரத் தூக்கத்துக்கு ராத்திரி ஏழே காலுக்குப் படுக்கணும். ஏழு மணிக்குத்தானே குளத்தைவிட்டே ஏறுறா? வேணும்னா சனிக்கிழமை காலை ஒண்ணு மட்டும் சேருங்க, அதுவும் ஏழு மணிக்கு. நாள் கூட்டுற மாசத்துல தூரத்தைக் கூட்டாதீங்க.

மீட்ல 50 மீட்டர் மட்டும் பேர் கொடுக்காம 200 ஐஎம் (நாலு ஸ்டைலும் கலந்தது), 400 ஃப்ரீஸ்டைலும் கொடுங்க. 50-ல பதக்கம் சீக்கிரம் வரும், அதனால கிளப்புக்கும் அதுதான் பிடிக்கும். நெய்வேலியில வளர்ந்த நீச்சல் வீரர் சாஜன் பிரகாஷ் 2021-ல் ரோம்ல 200 பட்டர்ஃப்ளையை 1:56.38-க்கு முடிச்சு ஒலிம்பிக் 'ஏ' தகுதி (நேரடித் தகுதி) எடுத்தப்போ வயசு 27. உங்க பொண்ணுக்கு இன்னும் 15 வருஷம் இருக்கு சார்.

ஆவடி அப்பா:
நன்றி. பேடிலைத் திரும்ப எப்ப எடுக்கலாம்?

லேன் நாலு:
வலியே இல்லாம நாலு வாரம் முழுசா நீந்தினப்புறம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெருசா இருக்கணும். மணிக்கட்டு ரப்பரைக் கழட்டிட்டு, நடுவிரல் வளையம் மட்டும் மாட்டி 4 × 50, நிதானமா. கை கோணலா இறங்கினா பேடில் தானே கழண்டு மிதக்கும். அது கழண்டா அன்னைக்குப் பேடில் போதும்.