ஆறு டிஸ்க் மாட்டினேன், நாலுதான் தெரிகிறது

செங்கோட்டைக்காரன்:
பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ் என்ற ஸ்டோரேஜ் சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு வீட்டுக்கு ஒரு ஸ்டோரேஜ் சர்வர் செய்தேன். ஆறு ஹார்டு டிஸ்க் மாட்டியும் நாலுதான் காட்டுகிறது. இங்கே சாரல் நேரம், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது, டிஸ்க்கே போயிருக்குமோ என்று பயம். எங்கிருந்து பார்ப்பது?

புளியரை அண்ணாச்சி:
தம்பி, முதலில் பயாஸைப் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் போகக்கூடிய செட்டிங்ஸ் திரை) பாருங்கள். அங்கேயே நாலு என்றால் ட்ரூநாஸைத் திட்டிப் பயனில்லை. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன எம்.2 எஸ்எஸ்டி போட்டிருக்கிறீர்களா? பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டில் ஒன்றைச் செருகினால் ஹார்டு டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு தானாக அணைந்துவிடும், மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருப்பான், யார் படிக்கிறோம்.

ஆரியங்காவு ரயில்:
எக்ஸ்டர்னல் பெட்டியைப் பிரித்து எடுத்த டிஸ்க்கா? சிலவற்றில் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சுற்றவே சுற்றாது. கையை வைத்துப் பாருங்கள், அதிர்வு இருக்கிறதா?

செங்கோட்டைக்காரன்:
ஆறும் சுற்றுகிறது. அண்ணாச்சி சொன்னதுதான், எம்.2வைக் கழற்றியதும் ஆறும் வந்துவிட்டன! எம்.2வைத் திரும்பப் போட, கூடுதல் போர்ட் தரும் சாட்டா கார்டு ஒன்று வாங்க வேண்டும்.

புளியரை அண்ணாச்சி:
சரி, அப்படியே ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் எழுதி முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு ஒன்று போனால் எதைக் கழற்றுவது என்று முழிக்க வேண்டாம்.